கட்டைவிரல் தனியாக நடக்க மாட்டேன் என்கிறது: பழைய ப்ளூஸ் வழியில் ஃபிங்கர்ஸ்டைல் கற்பது பற்றி

சத்துவாச்சாரி_ஆறுகம்பி | ஞாயிறு, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், வயது 41. மருத்துவ ஆய்வகத்தில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். பதினைந்து வருடமாக சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். சி, ஜி, டி, ஏ மைனர் கார்டுகள் எல்லாம் கை தானாகப் போடும். கம்பிகளை மொத்தமாக வருடும் ஸ்ட்ரம்மிங்கில் யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூக்கம் வராமல், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கீழே ஒருவர் நிதானமாக நடக்கிறார், மேலே இன்னொருவர் பாடுகிறார். பிறகுதான் தெரிந்தது, ஒரே மனிதர், ஒரே கிட்டார். அன்றிலிருந்து, விரல்களால் கம்பிகளைத் தனித்தனியாக மீட்டும் இந்த ஃபிங்கர்ஸ்டைலைக் கற்காமல் விடக்கூடாது என்று இருக்கிறேன்.

நான்கு மாதம் ஆகிறது. எந்தக் கம்பி, எந்த இடம் என்று எண்ணில் எழுதிய டேப் பார்த்து ஒரு பாட்டின் முதல் எட்டு பார் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஆள்காட்டி விரல் மெட்டைத் தொடும் அதே நொடியில் கட்டைவிரலும் அதன் பின்னால் ஓடிவிடுகிறது. கட்டைவிரல் வாசிக்கும் தாழ்ந்த சுரம், அதாவது பேஸ், நின்றுவிடுகிறது, அல்லது இரண்டு அடி சேர்ந்து விழுகிறது. ஒவ்வொரு ராத்திரியும் அதே இடத்தில் விழுகிறேன்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் விரல் வரிசையான பேட்டர்ன் பழகுவதா, பாட்டாகப் பழகுவதா? என் வேலையில் நாள் முழுக்க கையுறை போட வேண்டும், நகம் வளர்க்க முடியாது. அது பெரிய குறையா? கிட்டாரையும் மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | திங்கள், காலை 6.40

தம்பி, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வாசிப்பில் முப்பது வருடம் ஆகிறது. நீங்கள் விழும் இடத்தில்தான் எல்லோரும் விழுவார்கள், நானும் ஒரு வருடம் விழுந்தேன். காரணம் எளிது. விரல்களையும் கட்டைவிரலையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்த்துவிட்டீர்கள். கட்டைவிரல் முதலில் சேர வேண்டும்.

இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்காவின் தென்கிழக்கில், அப்பலாச்சியன் மலைக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள மேட்டு நிலத்துக்குப் பீட்மாண்ட் என்று பெயர். அந்தப் பக்கத்துக் கறுப்பினக் கலைஞர்கள் ராக்டைம் பியானோவைக் கேட்டு வளர்ந்தவர்கள். ராக்டைமில் பியானோக்காரரின் இடது கை ஒரு தாழ்ந்த சுரம், ஒரு கார்ட், ஒரு தாழ்ந்த சுரம், ஒரு கார்ட் என்று ஊசலாடும். வலது கை அதன் மேல் தாளத்துக்கு இடையிடையே மெட்டைத் தூவும். கிட்டாரில் அந்த இடது கையின் வேலை கட்டைவிரலுக்கு வந்தது. அதனால் உங்கள் கட்டைவிரல் ஒரு விரல் இல்லை, ஒரு முழுக் கை. அப்படி நினைத்துப் பழக்குங்கள்.

இரண்டு வாரம் மெட்டே வேண்டாம். சி கார்ட் பிடியுங்கள். கட்டைவிரலால் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, நான்கு. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வையுங்கள், ஒரு டிக்குக்கு ஒரு அடி. ஜி-க்கு மாறும்போது ஆறு, நான்கு, ஆறு, நான்கு. டி-க்கு நான்கு, மூன்று. கார்ட் மாறும் இடத்தில் கட்டைவிரல் காத்திருக்கக் கூடாது. இடது கை தாமதமானால் தப்பான சுரமே விழட்டும், அடி மட்டும் நிற்கக் கூடாது.

அது நிற்காமல் போகிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வாசித்துக்கொண்டே வாய் விட்டு ஸ்டேஷன் பெயர் சொல்லுங்கள். காட்பாடி, லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர். அவசரமில்லாமல், பேசுகிற வேகத்தில், தாளத்துக்கு ஒட்டாமல் சொல்ல வேண்டும். முதல் நாள் லத்தேரி தாண்ட மாட்டீர்கள், கை நின்றுவிடும். ஆம்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்த அன்று ஆள்காட்டி விரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் என்னிடம் கற்ற எல்லோருக்கும் கொடுத்த பயிற்சி இது.

நகம் பற்றி: ஜான் ஹர்ட், மீட்டுவதற்கு விரலில் மாட்டும் பிக் எதுவும் போடாமல் வெறும் விரலால்தான் வாசித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அவ்வளவுதான். சதை பட்டு எழும் ஒலி கொஞ்சம் உருண்டையாக, மெதுவாக இருக்கும். நீங்கள் கேட்டு மயங்கியது அந்த ஒலியைத்தான். கையுறை உங்களுக்குத் தடை இல்லை.

ஹாஸ்டல்_ஃப்ரெட் | திங்கள், இரவு 11.50

அண்ணா, நான் காட்பாடி பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறேன், மூன்றாம் ஆண்டு. ஜங்ஷன் சார் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாரம் கட்டைவிரல் மட்டும் என்றால் யாருக்கும் அலுத்துவிடும். நான், கட்டைவிரல் பேஸை மாற்றி மாற்றி அடிக்கும் ட்ராவிஸ் பிக்கிங் பேட்டர்ன் ஒன்றை எடுத்து, நாலு கார்டில் சுற்றிச் சுற்றி வாசித்தேன். ஒரே மாதத்தில் கை ஓட ஆரம்பித்தது. இப்போது எந்தப் பாட்டு கேட்டாலும் அந்தப் பேட்டர்னில் போட்டுவிடுவேன். பேட்டர்ன் கையில் ஏறினால் மெட்டு பிறகு வரும். டேப்பும் தப்பில்லை. நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? டேப்பும் வீடியோவும் இல்லாவிட்டால் எனக்கு இது கிடைத்தே இருக்காது.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், காலை 6.25

ஹாஸ்டல் தம்பி, கடைசி வரி முழு உண்மை. வீடியோ இல்லாத காலத்தில் ஒரு கேசட்டை ரீவைண்ட் செய்து செய்தே பட்டை தேய்ந்தது எங்களுக்கு. டேப்பை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் பேட்டர்ன் விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். "எந்தப் பாட்டு கேட்டாலும் அந்தப் பேட்டர்னில் போட்டுவிடுவேன்" என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். அப்போது எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகிவிடும். பழைய ஆட்களைக் கவனித்துக் கேளுங்கள். கட்டைவிரல் மாறாது, மேலே விரல்கள் பாட்டின் மெட்டைத்தான் வாசிக்கும். மெட்டு அடியோடு சேர்ந்து வந்தால் கட்டைவிரலும் விரலும் ஒன்றாகக் கிள்ளும். மெட்டு அடிக்கு நடுவில் வந்தால் நடுவில் விழும். மெட்டு மூச்சு வாங்கினால் விரல்கள் சும்மா இருக்கும். எங்கே கிள்ள வேண்டும், எங்கே இடையில் விழ வேண்டும் என்பதைப் பாட்டு சொல்லும். பேட்டர்ன் அதைச் சொல்லாது.

கிட்டார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸ் பெயரில் அந்தப் பேட்டர்ன் இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பேட்டர்னாகக் கற்கவில்லை. 1917-ல் கென்டக்கியில், நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்த மாவட்டத்தில் மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்றவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றார். அந்த வட்டாரத்து வாசிப்புக்கு அடியில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் கை இருக்கிறது. காதால் போனது, கண்ணால் போனது. கட்டைவிரலில் பிக் மாட்டி, ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து ட்ராவிஸ் வாசித்த வேகம் இன்று நான்கு விரல் வைத்திருப்பவர்களுக்கும் வராது. ரெவரெண்ட் கேரி டேவிஸும் கட்டைவிரல், ஆள்காட்டி இரண்டே விரல்தான். கண் தெரியாதவர். கேட்டால் ஒரு முழு பாண்டு வாத்தியக் கோஷ்டி தெருவில் போவது போல இருக்கும்.

ஆற்காடு_வீணை | செவ்வாய், பிற்பகல் 3.05

நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை. ஆற்காட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மகன் கிட்டார் வாங்கிய பிறகு இங்கே படிக்க வருவேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் பிரச்சினை வீணையில் தலைகீழாக இருக்கிறது.

வீணையில் ஏழு கம்பி. நான்கு, விரல் வைக்கும் குறுக்குக் கட்டைகளான மெட்டுகளின் மேல் போகும், மூன்று பக்கவாட்டில் தாளத்துக்கு. ஆள்காட்டியும் நடுவிரலும் பாட்டை மீட்டும், சுண்டுவிரல் தாளக் கம்பிகளை மீட்டும். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டுதான் வரும். நாங்கள் அதற்கு விரல் பயிற்சி தருவதில்லை. வாயால் சொல்ல வைக்கிறோம்.

"தகதிமி" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கிட்டாரில் "த" வரும்போது கட்டைவிரல், "தி" வரும்போது கட்டைவிரல். "க", "மி" இரண்டும் விரல்களுக்கு. சொல்லாமல் வாசிக்கவே கூடாது. வாய் பிரித்துச் சொல்லும்போது கை பிரிந்துவிடும், கைக்குத் தனியாகப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன் சாரின் ஸ்டேஷன் பயிற்சிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பிறகு அதைச் செய்யுங்கள். ஒன்று கையைத் தாளத்தோடு கட்டும், மற்றது தாளத்தை மனத்திலிருந்து அவிழ்த்து கையில் விடும்.

இன்னொன்று. மகன் ஓப்பன் டி என்று ஒரு சுருதி சேர்த்துக் காட்டினான். ஆறாம் கம்பியிலிருந்து வரிசையாக மீட்டினால் எனக்குக் கேட்டது ச ப ச க ப ச. அந்த க அந்தர காந்தாரம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு தூரத்து ஊரில் சுருதி சேர்க்கும் மனம் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறது.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், இரவு 8.30

மேடம், முப்பது வருடமாக வாசிக்கிறேன், "தகதிமி"யை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. இன்று மாலை உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது.

ஓப்பன் டி பற்றித் தம்பிக்கு ஒரு குறிப்பு: ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு, மூன்றாம் கம்பியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, இரண்டாம் கம்பியை பி-யிலிருந்து ஏ-வுக்கு, முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும். எல்லாம் இறக்குவதுதான், ஏற்றுவது எதுவும் இல்லை, கம்பி அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இடது கை எதையும் பிடிக்காமலே ஒரு கார்ட் இருப்பதால் கட்டைவிரலைத் தனியாகப் பழக்க அருமையான இடம். ஆனால் முதலில் சாதாரண டியூனிங்கில் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்_தோல்வார் | புதன், இரவு 9.20

கிட்டார் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வீட்டில் கிட்டார் ரிப்பேர் பார்ப்பேன், மிஞ்சும் தோலில் ஸ்ட்ராப் தைப்பேன்.

மாற்றுவதற்கு முன்னால் இருக்கிறதை அளந்து பாருங்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட் இருக்கிறதே, அதன் அகலம் பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டாரில் 43 மில்லிமீட்டர் இருக்கும். விரலால் மீட்டுபவர்கள் 44.5 விரும்புவார்கள், கம்பிகளுக்கு நடுவில் விரல் நுழைய இடம் கிடைக்கும். ஆனால் இந்தப் பழைய வாசிப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. எஃப் கார்டில் ஆறாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த முதல் உலோகப் பட்டையை, இடது கைக் கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடிப்பார்கள். அதற்குக் கழுத்து ஒல்லியாக இருந்தால்தான் எட்டும். உங்கள் கை சின்னதாக இருந்தால் 43-ஏ போதும்.

அப்புறம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். ஆறாம் கம்பி 2.5 மில்லிமீட்டர், முதல் கம்பி 2 மில்லிமீட்டர் என்ற அளவில் இருந்தால் விரல் வலிக்காது. ஸ்ட்ரம்மிங் கிட்டார் பல 3-க்கு மேல் இருக்கும். அதில் ராத்திரி ஒரு மணி நேரம் பழகினால் கை சோர்ந்து போய், தப்பு உங்களுடையது என்று நினைத்துக்கொள்வீர்கள். கீழ்முனையில் கம்பிகள் உட்காரும் சேடிலைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும். அடிப்பக்கத்தில் தேய்க்க வேண்டும், மேலே கை வைக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஷீட் போட்ட மாடி அறையிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ கிட்டாரை வைத்தால் சேடிலைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே இருக்கும் பசை இளகும். என் முதல் கிட்டார் அப்படித்தான் போனது. கடை ஒன்றில் கனமான 13 கேஜ் கம்பி மாட்டிக் கொடுத்தார்கள், நானும் தெரியாமல் மாடி அறையில் வைத்தேன், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பிரிட்ஜ் எழும்பிவிட்டது. இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இப்போதே ஒரு துண்டு காகிதத்தை எடுத்து பிரிட்ஜின் பின் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் எழும்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், கம்பியைத் தளர்த்திவிட்டு எழுதுங்கள். போகவில்லை என்றால் கிட்டார் நன்றாக இருக்கிறது. 11 அல்லது 12 கேஜ் கம்பி மாட்டுங்கள். கோடையில் உறையில் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அறையில், சுவரில் சாய்க்காமல் வையுங்கள்.

சத்துவாச்சாரி_ஆறுகம்பி | வியாழன், காலை 8.45

ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். எல்லோருக்கும் நன்றி. காகிதம் நுழையவில்லை. உயரம் அளந்தேன், ஆறாம் கம்பி 3.5 இருக்கிறது! இத்தனை வருடம் இதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆம்பூர் அண்ணா, சேடிலை நீங்களே தேய்த்துக் கொடுப்பீர்களா? ஞாயிறு வரட்டுமா?

நேற்று லத்தேரி தாண்டவில்லை. இன்று காவனூர்.

குடியாத்தம்_பறை | வியாழன், மாலை 6.10

நான் பறை அடிக்கிறவன். நண்பர் இந்த இழையை அனுப்பினார். இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறீர்கள், அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

கை பிரிவது எங்களுக்குப் புதிதில்லை. ஒரு கையில் கட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய நீளக் குச்சி. தடித்தது அடியைச் சொல்லும், மெல்லியது நடுவில் நிரப்பும். சின்ன வயதில் என் தாத்தா எனக்கு அடிக்குச்சியை மட்டும்தான் கொடுத்தார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தோடு நடந்துகொண்டே அடித்தேன். கால் ஒரு தாளம், கை ஒரு தாளம். இரண்டாவது குச்சி அடுத்த வருடம்தான் கைக்கு வந்தது. ஜங்ஷன் ஐயா சொல்வதும் அதுவேதான். உட்கார்ந்து மட்டும் பழகாதீர்கள் என்பது என் கருத்து. நடந்துகொண்டே தொடையில் கட்டைவிரலால் தட்டுங்கள்.

இன்னொரு விஷயம் மனத்தில் உறுத்துகிறது. இந்த இசையை உண்டாக்கியவர்கள் யார்? ஜான் ஹர்ட் யார் என்று தேடிப் படித்தேன். மிசிசிப்பியில் அவலான் என்ற சின்ன ஊர். 1928-ல் சில பாட்டு பதிவு செய்தார், அது விற்கவில்லை, திரும்பிப் போய் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டார். முப்பத்தைந்து வருடம் யாரும் தேடவில்லை. 1963-ல் அவர் பாட்டில் சொன்ன ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்து கண்டுபிடித்தார்கள். மூன்றே வருடத்தில் இறந்துவிட்டார். எங்கள் ஆட்களின் கதையும் இப்படித்தான். தோளில் வாத்தியம், வயலில் வேலை, சாவு வீட்டில் அழைப்பு, மேடையில் இடம் இல்லை. அதனால் பேட்டர்ன் என்று மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யாருடைய கை இது என்று தெரிந்து வாசியுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், இரவு 9.00

தம்பி, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நன்றி.

இதே வழிக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் அம்மையாரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். இடது கைக்காரர். வலது கைக்காரர்களின் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து, தானாகக் கற்றார். அதனால் பேஸ் கம்பிகள் கீழே வந்துவிட்டன. பேஸை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். வீணை மேடம் கேட்டால் சந்தோஷப்படுவார். கல்யாணத்துக்குப் பிறகு பல பத்து வருடம் கிட்டாரைத் தொடவில்லை, வீட்டு வேலை செய்து பிழைத்தார். முதல் ஆல்பம் வந்தது 1958-ல், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 41 வயதில் தாமதமாகிவிட்டதோ என்று யாராவது நினைத்தால் அந்த ஆல்பத்தைக் கேளுங்கள்.

ஹாஸ்டல்_ஃப்ரெட் | வெள்ளி, இரவு 12.30

சார், நேற்று என் பேட்டர்னை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டின் மெட்டை மட்டும் ஒற்றைக் கம்பியில் கண்டுபிடித்து, பிறகு கட்டைவிரலைச் சேர்த்துப் பார்த்தேன். நாலு வரிக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஆனால் ரூம்மேட் தலையைத் தூக்கி, என்ன பாட்டு என்று சொல்லிவிட்டான். இதுவரை அவன் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னது புரிகிறது.

சத்துவாச்சாரி_ஆறுகம்பி | ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 10.40

இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னியுங்கள், எழுத வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஆம்பூர் அண்ணா வீட்டுக்குப் போனேன். சேடிலைத் தேய்த்து 2.5-க்குக் கொண்டுவந்தார், காசு வாங்கவில்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஸ்டேஷன் பெயர் பத்தொன்பதாம் நாள் ஆம்பூர் வந்து சேர்ந்தது. இப்போது மெட்ரோனோம் 84-ல் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போகிறது. அது போவதை நான் கேட்கிறேன், நான் செய்வது போல் இல்லை. இந்த உணர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது புதிய சிக்கல். என் அம்மா எங்களுக்குப் பாடிய தாலாட்டு ஒன்றை வாசிக்க ஆசைப்பட்டேன். மெட்டு ஐந்து சுரத்துக்குள்தான் இருக்கிறது, சி கார்டில் உட்காருகிறது. ஆனால் கட்டைவிரலோடு சேர்த்தால் எங்கேயோ இடிக்கிறது. ஒவ்வொரு "ஆராரோ"வுக்கும் அரை அடி மிஞ்சுகிறது. இழுத்து நாலாக்கினால் தாலாட்டு மாதிரியே இல்லை, அணிவகுப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆற்காடு_வீணை | ஞாயிறு, காலை 7.15

மிஞ்சத்தான் செய்யும். அது நான்கு நான்காகப் போகும் சதுஸ்ரம் இல்லை, திஸ்ரம். தாலாட்டு தொட்டிலின் நடை, மூன்று மூன்றாகப் போகும். "தகதிமி"யை விட்டுவிடுங்கள், "தகிட தகிட" சொல்லுங்கள்.

கட்டைவிரலின் வேலை மாறவில்லை. முதல் "த"வுக்கு ஐந்தாம் கம்பி, இரண்டாவது "த"வுக்கு நான்காம் கம்பி, முன் போலவே மாறி மாறி. முன்பு இரண்டு கட்டைவிரல் அடிக்கு நடுவில் விரல்களுக்கு ஒரு இடம் இருந்தது, இப்போது "கிட" என்று இரண்டு இடம். அவ்வளவுதான் வித்தியாசம். மகனை வைத்துச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 84 வேண்டாம், கட்டைவிரலுக்கு 50 வையுங்கள், தொட்டிலை யாரும் அவ்வளவு வேகமாக ஆட்ட மாட்டார்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | ஞாயிறு, காலை 9.30

மேடம் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வலது உள்ளங்கையின் அடிச்சதையை பிரிட்ஜின் மேல், பேஸ் கம்பிகள் மட்டும் படும்படி லேசாக வையுங்கள். பேஸ் "டும்" என்று அடங்கி ஒலிக்கும், மெட்டு அதன் மேல் தெளிவாக நிற்கும். அதிகமாக அழுத்தினால் பேஸ் செத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், சரியான இடத்தைக் காது காட்டும்.

சத்துவாச்சாரி_ஆறுகம்பி | அடுத்த வியாழன், மாலை 5.20

"தகிட" வேலை செய்தது. ஐம்பதில் வைத்து மூன்று நாள் வாசித்தேன். நேற்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான்பா, அந்த இடத்துல இழுக்கணும், நீ குத்துற" என்றார். பாடியும் காட்டினார். இரண்டாவது அடியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அம்மா வழுக்கிக்கொண்டு போகிறார். நான் இரண்டையும் தனித்தனியாக மீட்டுகிறேன். இரண்டாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டும், முதல் கம்பியைத் திறந்தும் வாசிக்கிறேன், அதனால் வழுக்க இடமே இல்லை. அம்மா சுருதிக்கு இரண்டாம் ஃப்ரெட்டில், எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கேப்போ போட்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஆற்காடு_வீணை | வியாழன், இரவு 7.40

ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிப் போகும் ஜாரு அது. ஒரே கம்பியில் வாசித்தால்தான் வரும். அம்மா சொன்னதை விட்டுவிடாதீர்கள், அந்தத் தாலாட்டின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், இரவு 9.15

இடம் இருக்கிறது தம்பி. சி கார்டில் மோதிரவிரல் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பி இரண்டாம் ஃப்ரெட். இரண்டையும் அசைக்காதீர்கள், கட்டைவிரலுக்கு வேண்டிய இரண்டு பேஸும் அங்கேதான் இருக்கின்றன. ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். சுண்டுவிரலை இரண்டாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்து, ஒரு முறை மீட்டி, அழுத்தம் விடாமல் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு வழுக்குங்கள். ஃப்ரெட் கணக்கெல்லாம் கேப்போவிலிருந்து. நீங்கள் திறந்து வாசித்த அதே சுரம் அங்கே கிடைக்கும், வலது கை இன்னொரு முறை மீட்ட வேண்டியதில்லை. வழுக்கும்போது கட்டைவிரல் காத்திருக்க நினைக்கும், விடாதீர்கள்.

ஞாயிறு மாலை நாலரைக்குக் கோட்டைப் பூங்காவில், அகழி ஓரத்து மரத்தடியில் இருப்பேன். ஹாஸ்டல் தம்பியும் வரட்டும். குடியாத்தம் தம்பி, அடிக்குச்சி ஒன்று போதும், கொண்டு வாருங்கள்.

குடியாத்தம்_பறை | வியாழன், இரவு 9.50

வருகிறேன் ஐயா. தாலாட்டுக்குப் பறை சத்தம் அதிகம். சின்ன உடுக்கை இருக்கிறது, அதை எடுத்து வருகிறேன்.